வயதான பிறகு வாத்து வேட்டை: போனது ஆர்வமா, தெம்பா?

இந்தக் கட்டுரை அமெரிக்காவிலும் கனடாவிலும் லைசென்ஸ் எடுத்து, அரசு அறிவித்த பருவத்தில் மட்டும் நடக்கும் வாத்து வேட்டையைப் பற்றியது. நீங்கள் அங்கே குடியேறி, கூட வேலை பார்த்தவரோடு போய்ப் பழகி, இப்போது அறுபதைத் தொட்டுக்கொண்டிருப்பவராக இருக்கலாம். அல்லது பக்கத்து வீட்டுப் பெரியவரோ மகளின் மாமனாரோ “இந்த வருஷம் போகப்போவதில்லை” என்று சொல்வதைக் கேட்டு, ஏன் என்று யோசிப்பவராக இருக்கலாம். இந்தியாவில் இருக்கும் வாசகருக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை: 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டில் காட்டு வாத்தைச் சுடுவது குற்றம்.

முன்பெல்லாம் பருவம் தொடங்குவதற்கு முந்தின இரவு தூக்கமே வராது. இப்போது அலாரம் அடித்தால், அதை அணைத்துவிட்டுப் போர்வையை இழுத்துக்கொள்ளத் தோன்றுகிறது. அப்படியானால் ஆர்வம் போய்விட்டது என்றுதானே அர்த்தம்?

அவசரப்பட்டு அப்படி முடிவுகட்டாதீர்கள். “ஆசை விட்டுப்போச்சு” என்று சொல்லும் பலரிடம் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் வேறு கதை வரும். குளிர் முன்னைவிட உறைக்கிறது, மூட்டை முன்னைவிடக் கனக்கிறது, கூட வந்த நண்பர் இப்போது வருவதில்லை. இவை எல்லாம் சேர்ந்து ஒரே அலுப்பாகத் தெரிகின்றன. இவற்றில் பாதியைச் சரிசெய்ய முடியும். சரிசெய்து பார்த்த பிறகும் போகத் தோன்றவில்லை என்றால், அப்போது ஆர்வத்தைப் பற்றிப் பேசலாம்.

வேட்டை என்றாலே கஷ்டம்தான், வாத்து வேட்டையில் மட்டும் அப்படி என்ன கூடுதல் கஷ்டம் என்று கேட்கலாம். இது தண்ணீரில் நடக்கிற வேலை. விடிவதற்கு வெகுநேரம் முன்னால் எழுந்து, மார்பு வரை வரும் நீர்புகாத உடையை மாட்டிக்கொண்டு, இருட்டில் சதுப்புக்குள் இறங்க வேண்டும். டெக்காய்களை (பறவைகளை ஏமாற்றி இறங்க வைப்பதற்காக மிதக்கவிடும் பொம்மை வாத்துகள்) ஒவ்வொன்றாக எடுத்து, கயிற்றைப் பிரித்து, எடைக்குண்டை இறக்கி, காற்றடிக்கும் திசை பார்த்துப் பரப்ப வேண்டும். பிறகு நாணல் மறைவில் அசையாமல் உட்கார்ந்து, ஊதல் ஊதி வாத்தைக் கூப்பிட வேண்டும். முடிந்ததும் அத்தனையையும் திரும்பச் சுருட்ட வேண்டும். நவம்பர், டிசம்பர், ஜனவரி மாதங்களில். இருபத்தைந்து வயதில் இது விளையாட்டு. அறுபத்தைந்தில் இதுவே ஒரு நாள் கூலி வேலை.

வயது ஏற ஏற ஆசை மாறுவது இயல்புதானா? இயல்புதான், அதை ஆராய்ந்தும் இருக்கிறார்கள். விஸ்கான்சின் மாநிலத்தின் லா கிராஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் ஜாக்சன், ராபர்ட் நார்ட்டன் என்ற இரண்டு பேராசிரியர்கள் 1970-களின் பிற்பகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வேட்டைக்காரர்களிடம் பேட்டி எடுத்தார்கள். வேட்டைக்காரரின் வாழ்க்கையில் ஐந்து கட்டங்கள் இருப்பதாகச் சொன்னார்கள். முதலில், சுட்டால் போதும் என்ற கட்டம். அடுத்தது, சட்டம் அனுமதிக்கும் எண்ணிக்கையை நிரப்பியே தீர வேண்டும் என்ற கட்டம். மூன்றாவதில், கண்டதைச் சுடாமல் பெருமைக்குரிய பறவைக்காகக் காத்திருப்பார்கள். நான்காவதில், எப்படி வேட்டையாடுகிறோம் என்பதே முக்கியமாகிவிடும்: தானே செதுக்கிய மர வாத்து, தானே பழக்கிய நாய் என்று போகும். கடைசிக் கட்டத்தில் அங்கே இருப்பதே போதும் என்றாகிவிடும். சுட்டாலும் சரி, சுடாவிட்டாலும் சரி.

எல்லாரும் இந்த ஐந்தையும் வரிசையாகக் கடப்பதில்லை. ஆனால் உங்களுக்கு இதில் ஒரு பயன் இருக்கிறது. இரண்டாம் கட்டத்து அளவுகோலை வைத்துக்கொண்டு ஐந்தாம் கட்டத்தில் இருப்பவர், தினமும் தோற்றுப்போனதாகவே உணர்வார். அமெரிக்காவின் பெரும்பகுதியில் ஒரு நாளைக்கு ஒருவர் ஆறு வாத்து வரை எடுக்கலாம். பசிபிக் கரையோர மாநிலங்களில் ஏழு. அது மேல் வரம்புதான். எட்டிப் பிடித்தாக வேண்டிய இலக்கு அல்ல. இரண்டோடு திரும்பியதைக் குறைபாடாகச் சொல்லிக்கொள்ளும் பழக்கத்தை விட்டாலே பாதி அலுப்பு போய்விடும்.

சரி, உடம்புக்கு வருவோம். இதைத்தான் விரிவாகப் பேச வேண்டும்.

குளிர் ஏன் இப்போது இவ்வளவு உறைக்கிறது? வயதானால் உடம்பு சூட்டைத் தக்கவைத்துக்கொள்ளும் திறன் குறைகிறது. நடுக்கம் எடுத்துத் தன்னைத்தானே சூடாக்கிக்கொள்வதும் மந்தமாகிறது. இதில் ஒரு வம்பு இருக்கிறது: உடம்பின் சூடு அபாயமான அளவுக்கு இறங்குவதைச் சில முதியவர்கள் உணர்வதே இல்லை. பேச்சு குழறுவது, கை பொத்தானைப் போட மறுப்பது, காரணமில்லாமல் தூக்கம் வருவது ஆகியவை அதன் அடையாளங்கள். கூட இருப்பவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். உங்களைவிட அவர்தான் முதலில் கவனிப்பார்.

அதற்காக ஒரேயடியாகக் கனமான கோட்டு போட்டால் போதாது. மெல்லிய உடைகள் இரண்டு மூன்றை ஒன்றன் மேல் ஒன்றாகப் போடுங்கள். உடம்போடு ஒட்டுவது கம்பளியாகவோ வியர்வையை வெளியேற்றும் துணியாகவோ இருக்கட்டும். பருத்தி வேண்டாம்; ஈரமானால் காயாது, சூட்டை உறிஞ்சிவிடும். இன்னொன்று, மறைவிடம் வரை நடக்கும்போது மேல் உடையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வியர்த்து விறுவிறுத்துப் போய் உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் அந்த வியர்வையே குளிரவைக்கும்.

டெக்காய்க் கயிற்றைக் கையாளும்போதுதான் கை விறைக்கும். ஈரக் கயிறு, ஈயக் குண்டு, மூட்டுவலி உள்ள விரல்கள், மூன்றும் சேரக்கூடாத கூட்டு. முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை ஒரு ஜோடி இருந்தால் இந்தத் தொல்லை தீரும். வேலை முடிந்ததும் அதைக் கழற்றிவிட்டு, காய்ந்த கையுறையைப் போட்டுக்கொள்ளுங்கள். இந்த ஒரு பொருளுக்காகவே நீங்கள் இன்னும் சில பருவங்கள் கூடுதலாகப் போவீர்கள் என்று நினைக்கிறேன்.

சேற்றில் நடப்பது பயமாக இருக்கிறது, என்ன செய்வது? பயம் நியாயமானதுதான். ஆர்கன்சாவின் ஸ்டட்கார்ட் சுற்றுவட்டாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர் தன்னை நெல்லுக்கும் வாத்துக்கும் உலகத் தலைநகர் என்று சொல்லிக்கொள்கிறது. வாத்து ஊதல் ஊதும் உலகப் போட்டி அங்கே 1936 முதல் நடக்கிறது. அறுவடையான நெல்வயலில் தண்ணீர் கட்டினால் சிந்திய மணியைத் தின்ன வாத்து வந்து இறங்கும். நாற்று நட்ட சேற்றில் இறங்கியவருக்கு அந்த மண்ணின் குணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. காலை நேராக மேலே இழுத்தால் விடாது. முதலில் குதிகாலைத் தூக்கி, காற்று உள்ளே போக வழிவிட்டு, பிறகு முன்பாதத்தை உருவ வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் புதையும். அடி சின்னதாக, ஆனால் நிற்காமல் வைக்க வேண்டும். கையில் ஓர் ஊன்றுகோல் கட்டாயம். ஊன்றிப் பார்த்துவிட்டு அடுத்த அடி.

விழுந்துவிட்டால் அந்த நீர்புகாத உடைக்குள் தண்ணீர் நிறைந்து ஆளை அடியில் இழுத்துவிடுமா? இது பலருக்கும் உள்ள பயம். உள்ளே புகுந்த தண்ணீர், தண்ணீருக்குள் கனக்காது. அதனால் அது கீழே இழுக்காது. ஆனால் கரையேறும்போது அந்த மொத்த எடையும் உங்கள் காலில்தான். அதைவிட ஆபத்து, பனிக்கட்டித் தண்ணீர் பட்டவுடன் மூச்சு திணறி, தண்ணீரையே உள்ளிழுத்துவிடுவது. ஆகவே இடுப்பு பெல்ட்டை இறுகக் கட்டுங்கள், அது தண்ணீர் புகுவதைத் தாமதப்படுத்தும். படகில் போனால் உயிர்காப்பு அங்கியை இருக்கைக்கு அடியில் வைக்காமல் மேலே போட்டுக்கொள்ளுங்கள்.

சுமையைக் குறைத்தால் வாத்து வருமா? வரும். மூன்று டஜன் பொம்மைகள் வேண்டும் என்பது பெரும்பாலும் பழக்கதோஷம். சின்னக் குட்டையிலும் வாய்க்கால் முடுக்கிலும் அரை டஜன் போதும். பருவத்தின் பின்பாதியில் பறவைகள் பெரிய கூட்டத்தைப் பார்த்துப் பார்த்துச் சந்தேகப்பட ஆரம்பித்திருக்கும். அப்போது சின்னக் கூட்டமே நல்லது. முதுகில் தூக்காமல் இழுத்துச் செல்லும் பிளாஸ்டிக் சறுக்குத்தட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதுகுச் சாய்வு உள்ள ஒரு நாற்காலியும். சாய்வு இல்லாத வாளியில் உட்கார்ந்து இடுப்பை ஒடித்துக்கொள்வதில் எந்த வீரமும் இல்லை.

துப்பாக்கி தோளில் உதைக்கிறது. மாற்றலாமா? மாற்றுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. 12 போர் துப்பாக்கிக்குப் பதில் 20 போர் எடுத்தால் தூக்கவும் இலகு, உதைப்பும் குறைவு. வாயு அழுத்தத்தால் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் வகையில் உதைப்பு இன்னும் குறைவு. ரவையில் கவனம் தேவை. நீர்ப்பறவைக்கு ஈய ரவை அமெரிக்கா முழுவதும் 1991-லிருந்து தடை செய்யப்பட்டிருக்கிறது. சேற்றில் விழுந்த ஈயத்தை வாத்து கூழாங்கல் என்று விழுங்கிச் செத்ததுதான் காரணம். அட்டாலியில் பழைய ஈயத் தோட்டா கிடந்தால் அதை எடுத்துப் போகாதீர்கள். இரும்பு ரவை ஈயத்தைவிட லேசு, தூரத்தில் வலுவிழந்துவிடும். அதனால் பறவையை நன்றாகக் கிட்ட வரவிட்டுச் சுடுங்கள். காயத்தோடு தப்பிப் போகும் வாத்தைத் தேடிச் சேற்றில் அலைவதைவிட மனதை வதைப்பது எதுவும் இல்லை.

காதைப் பற்றிப் பலர் கேட்பதே இல்லை. கேட்க வேண்டும். ஷாட்கன் வெடிச்சத்தம் 150 டெசிபல் அளவுக்குப் போகும். 140-க்கு மேல் ஒரே ஒரு சத்தம்கூடக் காதைக் கெடுக்கும். வயதானால் உச்சஸ்தாயிச் சத்தங்கள்தான் முதலில் காதை விட்டுப் போகின்றன. வாத்தின் இறக்கை காற்றைக் கிழிக்கும் சீழ்க்கையும் அந்த வகை. “முன்போல பறவை வருவதில்லை” என்று அலுத்துக்கொள்பவர்களில் சிலருக்கு, பறவை வருவது கேட்பதில்லை, அவ்வளவுதான். வெடிச்சத்தத்தை மட்டும் அடக்கி, மெல்லிய சத்தத்தைப் பெருக்கித் தரும் மின்னணு காதடைப்பு கிடைக்கிறது. வாங்கிப் போட்டுப் பாருங்கள்.

கண் விஷயமும் அப்படியே. புரை விழ ஆரம்பித்தால் விடியல் வெளிச்சத்தில் பறவையின் இனம் தெரியாது. இனம் தெரியாமல் சுட்டால் சட்டத்தை மீறிவிடுவீர்கள். ஊசிவால் வாத்துக்கு ஒரு வரம்பு, பெண் மல்லார்டு வாத்துக்கு ஒரு வரம்பு என்று தனித்தனியாக உண்டு. சூரியன் உதிக்க அரை மணி முன்பே சுடத் தொடங்கலாம் என்று விதி சொல்கிறது. தொடங்கியே ஆக வேண்டும் என்று அது சொல்லவில்லை.

அதிகாலையில்தான் போக வேண்டுமா என்பதும் நல்ல கேள்வி. பொதுவான விதிப்படி மாலை சூரியன் மறையும் வரை நேரம் உண்டு. சில பொது நிலங்களில் மட்டும் நண்பகலோடு நிறுத்திவிடுவார்கள். உங்கள் மாநில விதிப்புத்தகத்தைப் பாருங்கள். காலை உணவை முடித்துக்கொண்டு, வழி தெரியும் வெளிச்சத்தில் இறங்குகிறவர் வழுக்கி விழுவதும் குறைவு. பணி ஓய்வு பெற்றவருக்கு இன்னொரு வசதி: கூட்டம் மொய்க்கும் சனி, ஞாயிறை விட்டுவிட்டு, வடக்கே உறைபனி விழுந்து புதுப் பறவைகள் இறங்கும் செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தெடுக்கலாம். இளைஞனுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது.

மாத்திரை சாப்பிடுகிறவர் போகலாமா? மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறும். அதோடு சேற்றில் படகை இழுத்தால் இதயத்துக்கு இரட்டைச் சுமை. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் முன்பே இருந்தால் பருவம் தொடங்குவதற்கு முன்னாலேயே பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவருக்குச் சின்ன வெட்டும் பெரிதாகும். நீர் பிரியும் மாத்திரையை எப்போது போடுவது என்றும் கேளுங்கள். மார்பு வரை உடை மாட்டிக்கொண்டு சதுப்பு நடுவில் நிற்பவருக்கு இது சிரிக்கும் விஷயமில்லை. நீங்களாகவே மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள்.

“இந்த வயசுல உங்களுக்கு இது தேவையா?” என்று வீட்டில் கேட்பார்களே? கேட்பது வேட்டையைப் பற்றி அல்ல, உங்களைப் பற்றி. எங்கே போகிறீர்கள், வண்டியை எங்கே நிறுத்துவீர்கள், எத்தனை மணிக்குள் திரும்புவீர்கள் என்று எழுதி வைத்துவிட்டுப் போங்கள். அந்த நேரம் தாண்டினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் எழுதுங்கள். தனியாகப் போவதில்லை என்று வாக்குக் கொடுங்கள்.

இந்தத் தனிமைதான் பெரிய தடை. முப்பது வருஷம் ஒரே மறைவிடத்தில் தோளோடு தோள் உட்கார்ந்தவர் இறந்துபோனாலோ, பிள்ளையோடு வேறு மாநிலத்துக்குக் குடிபோனாலோ, மற்றவருக்குத் துப்பாக்கியைத் தொடக்கூடத் தோன்றாது. இதற்கு மாத்திரை இல்லை. ஆனால் ஒரு கொடுக்கல் வாங்கல் சாத்தியம். உங்களுக்குக் காற்றின் திசை தெரியும், எந்தத் திருப்பத்தில் பறவை இறங்கும் என்று தெரியும், நிலச் சொந்தக்காரரைத் தெரியும். இதெல்லாம் தெரியாத இளைஞனிடம் படகும் நல்ல முதுகும் இருக்கின்றன. 1937-இல் தொடங்கிய டக்ஸ் அன்லிமிடட் அமைப்புக்கு ஊர் ஊராகக் கிளைகள் உண்டு. அவர்களுடைய விருந்துகளில் இப்படிப்பட்டவர்களைப் பார்க்கலாம்.

சிறுவர்களுக்கென்றே மாநிலங்கள் தனி நாட்கள் ஒதுக்குகின்றன. அன்று கூட வரும் பெரியவர் வாத்தைச் சுடக்கூடாது. சுடாமல் ஒரு காலை முழுவதும் மறைவில் உட்கார்ந்து, பக்கத்தில் பேரனுக்கோ நண்பரின் மகளுக்கோ “இரு, இன்னும் கொஞ்சம் கிட்ட வரட்டும்” என்று கிசுகிசுத்துப் பாருங்கள். ஆர்வம் இருக்கிறதா இல்லையா என்பது அன்றைக்கு உங்களுக்கே தெரிந்துவிடும்.

நாய் இறந்துவிட்டது, அதோடு நானும் விட்டுவிட்டேன் என்பவர்களுக்கு என்ன பதில்? லாப்ரடார் பத்துப் பன்னிரண்டு வயது வரைதான் வாழும். ஒரு வேட்டைக்காரரின் வாழ்நாளில் மூன்று நான்கு நாய்கள் வந்து போகும். எழுபதில் இன்னொரு குட்டியா என்ற தயக்கம் சரியானதே; பழக்க இரண்டு வருஷம் பிடிக்கும், உங்களுக்குப் பிறகு யார் பார்ப்பார்கள் என்ற கேள்வியும் உண்டு. ஏற்கெனவே பழக்கப்பட்ட, வளர்ந்த நாயை வாங்கலாம். சின்ன இனமாகவும் பார்க்கலாம். தென் கரோலினாவில் ஆற்றுப் படகில் கொண்டுபோவதற்கென்றே உருவான பாய்கின் ஸ்பானியல் லாப்ரடாரின் பாதி எடைகூட இருக்காது. நனைந்த நாயைப் படகுக்குள் தூக்கிப்போட்ட முதுகுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். நாய் இல்லாமலும் போகலாம், ஆனால் நடந்தே எடுத்துவரக்கூடிய ஆழமில்லாத தண்ணீரில் மட்டும்.

வாத்தே குறைந்துவிட்டது, போய் என்ன பயன் என்பதும் அடிக்கடி கேட்கும் வாதம். 1955 முதல் அமெரிக்காவும் கனடாவும் ஆண்டுதோறும் விமானத்திலிருந்து வாத்துகளை எண்ணுகின்றன. 2024-இல் கணக்கு 3.4 கோடி, நீண்டகாலச் சராசரியைவிடச் சற்றே குறைவு. வடக்குப் புல்வெளிகளில் மழை பெய்து குட்டைகள் நிறைந்தால் கூடும், வறட்சி வந்தால் குறையும். தெற்கே இருப்பவர்களுக்குக் குறைவாகத் தெரிவதற்கு இன்னொரு காரணம், குளிர்காலம் இளகினால் மல்லார்டு போன்றவை வடக்கிலேயே தங்கிவிடுகின்றன. தண்ணீர் உறைந்து தீனி கிடைக்காமல் போனால்தான் கிளம்பும்.

சமையலறைக்கும் இதில் பங்கு உண்டு. எத்தனை வாத்து வேண்டும் என்பதை அடுப்படியிலிருந்து முடிவு செய்யுங்கள். இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு இரண்டு கிளுவை (சின்ன வகை வாத்து) போதும். மிளகும் சின்ன வெங்காயமும் சேர்த்து வறுத்தால் சோற்றுக்கு அருமை. நான்கு எச்சரிக்கைகள். 2022 முதல் அங்கே காட்டுப் பறவைகளில் பறவைக் காய்ச்சல் பரவியிருப்பதால், சுத்தம் செய்யும்போது கையுறை போடுங்கள். சோர்ந்து கிடக்கும் பறவையைத் தொடாதீர்கள். இறைச்சியின் உட்சூடு 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். கடைசியாக, பல் கட்டியவர்கள் இறைச்சியை விரலால் தடவி ரவையைத் தேடி எடுங்கள். இரும்பு ரவையில் கடிபட்டால் பல்லுக்கு மேல் போட்ட உறை உடைந்துவிடும்.

காலில் வளையம் போட்ட பறவை கிடைத்தால் என்ன செய்வது? சின்ன அலுமினிய வளையம், அதில் பொடி எழுத்தில் ஓர் எண். அதை ‘ரிப்போர்ட் பேண்ட்’ என்ற அரசு இணையதளத்தில் பதிந்தால், அந்தப் பறவைக்கு எப்போது, எங்கே வளையம் போட்டார்கள் என்று சான்றிதழ் வரும். வளையத்தை நீங்களே வைத்துக்கொள்ளலாம். இருநாட்டு அரசுகளும் வரம்புகளை வகுப்பதற்கு இந்தத் தகவலையும் பயன்படுத்துகின்றன. இதற்காகவே பருவம் தவறாமல் போகும் பெரியவர்கள் உண்டு.

இத்தனையும் செய்தாயிற்று. குளிரில்லை, சுமையில்லை, துணைக்கு ஆள் இருக்கிறது. ஆனாலும் பறவை கிட்ட வரும்போது சுட மனம் வரவில்லை. அப்போது?

அப்போது சுடாதீர்கள். அது நோயல்ல. இங்கிலாந்தின் பீட்டர் ஸ்காட் இளமையில் வாத்து வேட்டையில் ஊறியவர். 1946-இல் ஸ்லிம்பிரிட்ஜ் என்ற இடத்தில் நீர்ப்பறவைகளுக்கென ஓர் அறக்கட்டளையை நிறுவினார். பின்னர் துப்பாக்கியையே விட்டார். 1964 முதல் அவரும் குடும்பத்தாரும் ஸ்லிம்பிரிட்ஜுக்கு வரும் பியூவிக் அன்னங்களின் அலகிலுள்ள மஞ்சள், கறுப்புத் திட்டுகளை வரைந்து வைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடையாளம் கண்டு பெயர் வைத்தார்கள். கனடாவில் ஜாக் மைனர் ஒரு காலத்தில் விற்பனைக்காகவே வேட்டையாடியவர். 1904-இல் ஒண்டாரியோவின் கிங்ஸ்வில்லில் பறவைகளுக்குச் சரணாலயம் அமைத்தார். வாத்துகளை அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது வேட்டையால்தான். அந்த அறிவு உங்களிடமும் இருக்கிறது. அதைக் கேமராவோடும் கொண்டுபோகலாம், தொலைநோக்கியோடும் கொண்டுபோகலாம். ஓய்வுக்காலத்தில் ஊர் திரும்புகிறவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலர்கள் தேவைப்படுகிறார்கள். ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் தமிழ்நாட்டு ஏரிகளுக்கும் வருகின்றன. தூரத்திலிருந்தே இனம் சொல்லத் தெரிந்த கண்ணுக்கு அங்கே மதிப்பு உண்டு.

அமெரிக்காவிலேயே இருக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். வாத்து முத்திரையை (நீர்ப்பறவை வேட்டைக்குக் கட்டாயமான, அஞ்சல்தலை போன்ற கூட்டரசு அனுமதிச்சீட்டு) இந்த ஆண்டும் வாங்குங்கள். 1934-இல் ஒரு டாலருக்கு வந்தது, இப்போது 25 டாலர். பதினாறு வயதானவர் எல்லாருக்கும் வேண்டும். முதியவருக்குச் சலுகை கிடையாது. வேட்டைக்குப் போகாதவரும் வாங்கலாம், கட்டணம் வசூலிக்கும் தேசிய வனவுயிர்க் காப்பகங்களுக்கு அதைக் காட்டி இலவசமாக உள்ளே போகலாம். ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் நீர்நிலங்களை வாங்கவும் காக்கவும் போகிறது. இதுவரை 60 லட்சம் ஏக்கருக்கு மேல் அப்படிக் காப்பாற்றப்பட்டிருக்கிறது. 1970-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 20 லட்சத்துக்கு மேல் விற்ற முத்திரை இப்போது 15 லட்சம் அளவில்தான் விற்கிறது. பல அஞ்சலகங்களில் கிடைக்கும். ஜூலை 1 முதல் அடுத்த ஆண்டு ஜூன் 30 வரை செல்லும்.